புகழ் வருமுன் எடுத்த படங்கள்

ஒருவர் கீர்த்தி பெற்ற பிறகு அவருடைய படத்தைப் பார்த்து மெச்சுவது எல்லோராலும் முடியும். அகன்ற நெற்றியிலே மேதை விளங்குகிறது என்போம். கண்களிலே தீட்சண்யம் சுடர்விடுகிறது என்போம். மூக்கின் வளைவுக்குக்கூட ஒரு விசேஷ அர்த்தம் கற்பித்துவிடுவோம். அதே மனிதர் ஊர் பேர் தெரியாதவராய், அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வது என்ற கவலையோடு நம் எதிரே வந்து உட்கார்ந்திருந்தால், அந்த நெற்றியையும் கண்ணையும் நாம் கவனித்திருப்போமா என்பதுதான் கேள்வி. அவ்வாறு கவனித்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

அவர் பாரிஸ் பட்டணத்துப் படப்பிடிப்பாளர். பெயர் நதார். இங்கிலீஷ் எழுத்தில் அந்தப் பெயரைக் காணும் நம்மவர், "திருநெல்வேலிச் சீமையிலிருந்து இவர் எப்போது பாரிஸுக்குக் குடியேறினார்?" என்று கேட்கக் கூடும். சம்பந்தம் ஒன்றும் இல்லை. பெற்றோர் இட்ட பெயர் காஸ்பார் பெலிக்ஸ் தூர்னாஷோன். வாலிபப் பருவத்தில் அவருடைய கூட்டத்தார் சொற்களின் வாலில் 'தார்' என்ற ஓசையை ஒட்டி விளையாடுவது வழக்கம். தூர்னாஷோன் 'தூர்னதார்' ஆகி, பிறகு தலையை இழந்து 'நதார்' ஆயிற்று. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உபாத்தியாயர்களுக்கு நாமகரணம் செய்யும் முறையும் ஏறக்குறைய இதுதான். எனக்கு என்ன பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே வெளியிடுவதாக உத்தேசமில்லை.

நதார் 1820-ம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் புத்தகப் பிரசுரத் தொழில் செய்து நொடித்துப்போனவர். பிள்ளை வைத்தியப் படிப்பைத் தொடங்கி நடுவில் விட்டார், சின்னஞ்சிறு பத்திரிகைகளுக்கு எழுதினார், கேலிச்சித்திரம் போட்டார். 1848-ல் ஐரோப்பா முழுவதும் புரட்சித் தீ பரவியபோது, அந்நியர் ஆட்சியில் கிடந்த போலந்து தேசத்தை விடுவிக்கப் பாரிஸிலிருந்து ஒரு தொண்டர் படை புறப்பட்டது. போலந்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என்றாலும் மனிதர் அதில் சேர்ந்துவிட்டார். படை போலந்தை எட்டவில்லை. பிரஷ்யாவில் பிடிபட்டுச் சிலகாலம் காவலில் இருந்து திரும்பினார். 1850-ல் மறுபடியும் சிறை. இம்முறை தேசத்துக்காக அல்ல, கடனுக்காக. பாரிஸில் கடன்காரர்களை அடைப்பதற்கென்றே கிளிஷி என்ற சிறை அப்போது இருந்தது.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவருடைய படங்களுக்கு முன்னே வந்து அமர்ந்தவர்கள் பெரும்பாலும் இதே ஜாதி மனிதர்கள். எழுத்தையும் சித்திரத்தையும் நாடகத்தையும் நம்பி, கடனும் குளிரும் தின்ற வாலிபர்கள். அவர்கள் 'வாடிக்கைக்காரர்'கள் அல்லர், அவருடைய சிநேகிதர்கள். முகத்தைப் படிக்கும் வித்தையை அவர் காமிராவைத் தொடுவதற்கு முன்பே, சாப்பாட்டுக் கடைகளில் அவர்களோடு இரவு முழுவதும் வாதாடிய நாட்களிலேயே கற்றிருந்தார்.

காமிரா வந்த விதமும் வேடிக்கையானது. அக்காலத்துப் பிரெஞ்சு எழுத்தாளர், சித்திரக்காரர், நாடகக்காரர், சங்கீத வித்துவான் எல்லோரையும் கேலிச்சித்திரங்களாக நான்கு பெரிய தாள்களில் வரைந்து வெளியிடுவதென்று அவர் ஒரு திட்டம் போட்டார். ஆயிரம் தலைகள்! 1854-ல் முதல் தாள் மட்டும் வந்தது. சுமார் 250 எழுத்தாளர்கள் ஊர்வலமாக வளைந்து வளைந்து போகிற பிரம்மாண்டமான படம். எல்லோரும் புகழ்ந்தார்கள், விலை கொடுத்து வாங்கியவர் குறைவு. மற்ற மூன்று தாள்களும் வரவேயில்லை. ஆனால் இத்தனை பேரையும் நேரில் உட்காரவைத்து வரைய நேரம் ஏது? போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பார்த்து வரையலாமே என்று தோன்றிற்று. துணைக்கு வந்த கருவி தொழிலையே விழுங்கிவிட்டது.

அந்த நாளில் போட்டோ எடுப்பது எத்தகைய காரியம் என்பதை இன்றைய குழந்தைகளுக்கு விளக்குவது அவசியம். ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்து, வெடிப்பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்த பசையை அதன்மேல் ஒரே சீராக ஓட விட வேண்டும். இதற்குக் கொலோடியன் என்று பெயர். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் அதை முக்கி எடுத்து, ஈரம் உலருமுன் காமிராவில் பொருத்திப் படம் பிடித்து, ஈரம் உலருமுன்னரே மருந்து ஊற்றிப் படத்தை வெளிக்கொணர வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எல்லாம் முடிய வேண்டிய ஓட்டம் இது. எதிரே இருப்பவரோ பல விநாடிகள் அசையாது இருத்தல் வேண்டும். அதற்காகப் பல கூடங்களில் நாற்காலிக்குப் பின்னே இரும்புக் கவை ஒன்றை நிறுத்திக் கழுத்தைப் பிடித்துவைப்பார்கள். முதுகு விறைத்து, கண் பிதுங்கி, தூக்குத் தண்டனை பெற்றவர்போலப் பாட்டனார்கள் காட்சியளிக்கும் காரணம் இதுவே; அவர்களுடைய சுபாவம் அத்தனை கடுமையானது அன்று.

இந்தக் கஷ்டத்தோடு சிலருக்குப் பயம் வேறு. நாவலாசிரியர் பால்ஸாக் எவ்வளவு பெரிய அறிவாளி! மனித உடம்பு மெல்லிய தோல்களாக அடுக்கடுக்காய் அமைந்தது என்றும், ஒவ்வொரு முறை படம் பிடிக்கும்போதும் ஓர் அடுக்கு உரிந்து தகட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது என்றும் அவர் நம்பினாராம். நதார் தம் ஞாபகக் குறிப்புகளில் இதைச் சொல்லிவிட்டு, பால்ஸாக்கின் பருமனுக்குச் சில அடுக்குகள் போனால் நஷ்டமில்லை என்று கேலி செய்கிறார். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததைக் கேட்டுச் சிரித்த வாசகர்கள், அவர்களுக்குப் பாரிஸ் நகரத்திலே இப்படி ஒரு சகபாடி இருந்தார் என்பதை அறிந்துகொள்வார்களாக.

1854-ல் நதாருக்கு விவாகம் ஆயிற்று. ஸாந்-லஸார் வீதியில் 113-ம் எண்ணுள்ள வீட்டில் தாயாரோடும் மனைவி எர்னெஸ்தீனோடும் குடியிருந்து, அங்கேயே படப்பிடிப்புக் கூடம் அமைத்தார். அதற்குப் பின் வந்த ஐந்தாறு ஆண்டுகளில் எடுத்த படங்களே அவருடைய தொழிலின் உச்சம் என்பது என் அபிப்பிராயம். அவற்றில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று சொல்வது சுலபம். அரண்மனைத் திரை இல்லை. பூந்தொட்டி இல்லை. கையில் மூடிய புத்தகம் இல்லை. நம் ஊர் ஸ்டூடியோக்களில் மயிலும் மாளிகைப் படிக்கட்டும் எழுதிய திரைக்கு முன்னால், வாழ்நாளில் மாளிகையைக் கண்டிராத தம்பதிகள் நின்றார்களே, அந்த மாதிரி எதுவும் இல்லை. வெறும் சாம்பல் நிறப் பின்புறம், கரிய மேலங்கி, ஒரு பக்கத்திலிருந்து சரிந்து விழும் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் ஒரு முகம். இவ்வளவே.

அந்த முகங்களுள் முதலில் நினைவுக்கு வருவது போத்லேரின் முகம். இன்று உலகத்து மகாகவிகளின் வரிசையில் வைத்து எண்ணப்படுகிறவர் சார்ல் போத்லேர். ஆனால் 1855-ம் ஆண்டை ஒட்டி அவர் நதாரின் கூடத்துக்கு வந்தபோது, அவர் கவிதைத் தொகுதி ஒன்றுகூட வெளிவந்திருக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர், சித்திரக் கண்காட்சிகளைப் பற்றி எழுதுகிறவர், தகப்பன் வைத்த சொத்தைக் கரைத்துக் குடும்பத்தாரின் கண்காணிப்புக்கு ஆளானவர் என்ற அளவில் ஒரு சிறு வட்டத்துக்கு மட்டுமே அவரைத் தெரியும். வயது முப்பத்துநான்கு. படத்திலே உதடு இறுகியிருக்கிறது. கண்கள் நம்மைச் சந்தித்து, 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கின்றன. பணிவும் இல்லை, பாவனையும் இல்லை. தன் மதிப்பைத் தானே அறிந்து, அதை வேறொருவரும் அறியாததனால் கசந்துபோன மனிதன் ஒருவன் அங்கே இருக்கிறான்.

இதில் ஒரு வினோதம். போத்லேருக்குப் போட்டோ என்றாலே வெறுப்பு. 1859-ல், பாரிஸ் சித்திரக் கண்காட்சியை ஒட்டிப் படப்பிடிப்புக்கும் தனியாக இடம் ஒதுக்கினார்கள். அந்த ஆண்டுக் கண்காட்சியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் இந்தப் புதிய தொழிலை விளாசித் தள்ளினார். திறமையற்ற சித்திரக்காரரும் சோம்பேறிகளும் புகலடையும் தொழில் இது என்றார். ஜனங்கள் தங்கள் அற்ப உருவத்தைத் தகட்டிலே பார்த்து மயங்க முண்டியடித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்றார். அச்சு எழுத்தும் சுருக்கெழுத்தும் இலக்கியத்துக்கு எப்படி ஊழியம் செய்கின்றனவோ, அப்படி இதுவும் கலைகளுக்கும் சாஸ்திரத்துக்கும் ஊழியம் செய்தால் போதும். தானே கலை என்று தலை நிமிரக் கூடாது என்றார். இப்படி எழுதியவர், அதற்கு முன்னும் பின்னும் நதாரின் காமிராவுக்கு முன்னே பல தடவை போய் அமர்ந்தார்! சிநேகிதருக்கும் மனத்தாங்கல் இல்லை. கொள்கையில் சண்டையும் வீட்டில் சாப்பாடுமாக இருந்த காலம் அது. நம் நாட்டிலும் இப்படி இருந்தவர்களை நாம் அறிவோம், குறைந்துவருகிறார்கள்.

ஆனால் 1865-ம் ஆண்டின் இறுதியில் போத்லேர் தம் தாயாருக்கு எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. நோயும் கடனும் வாட்ட, பெல்ஜியத்தில் தனியே கிடந்த சமயம். அம்மா, உன் படம் ஒன்று எனக்கு வேண்டும் என்று கேட்கிறார். உடனே நிபந்தனை போடுகிறார்: நான் பக்கத்தில் இல்லாமல் எடுக்கக் கூடாது, உனக்கு அதெல்லாம் தெரியாது, படப்பிடிப்பாளர்கள் எல்லோருக்கும் ஒரு கிறுக்கு, மருவும் சுருக்கமும் பளிச்சென்று தெரிந்தால் அதுவே நல்ல படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், எனக்கு வேண்டியது உள்ளபடியே இருக்கும் உருவம், ஆனால் பென்சில் சித்திரத்தின் மென்மையோடு, அது பாரிஸில்தான் கிடைக்கும் என்கிறார். கொள்கை வேறு, தாயின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்ற தாபம் வேறு. சில மாதங்களுக்கெல்லாம் அவருக்குப் பக்கவாதம் கண்டு பேச்சுப் போயிற்று. 1867-ல், நாற்பத்தாறாவது வயதில் இறந்துபோனார்.

1857-ம் ஆண்டு இந்த இரண்டு சிநேகிதர்களும் நியாயஸ்தலம் ஏறினார்கள். போத்லேரின் முதற் கவிதைத் தொகுதி ஜூன் மாதம் வெளிவந்தது; ஆகஸ்டு மாதம் அது ஒழுக்கத்துக்குக் கேடு என்று தீர்ப்பாகி, 300 பிராங்கு அபராதமும், ஆறு பாடல்களை நீக்கவேண்டும் என்ற உத்தரவும் பிறந்தன. அந்தத் தீர்ப்பைப் பிரெஞ்சு நியாயஸ்தலம் ரத்து செய்தது 1949-ல். கவி இறந்து 82 ஆண்டுகளுக்குப் பின்.

நதாரின் வழக்கு வேறு விதமானது. எதிரி அவருடைய சொந்தத் தம்பி அத்ரியேன். தம்பிக்குப் பிழைப்பு வேண்டுமென்று படப்பிடிப்புத் தொழிலில் புகுத்தியவரே அண்ணன்தான். கூடம் தள்ளாடியபோது கூட நின்று கைகொடுத்ததும் உண்டு. பிறகு மனஸ்தாபம் வந்தது. தம்பியோ 'இளைய நதார்' என்று கையெழுத்திட்டு, அண்ணனின் பெயரால் வியாபாரம் செய்தான். அந்தப் பெயர் எனக்கு மட்டுமே உரியது என்று அண்ணன் வழக்காடி, 1857-ன் இறுதியில் வென்றார். பாகப்பிரிவினை வழக்குகளில் தோப்புக்கும் துரவுக்கும் அண்ணன் தம்பிகள் கட்சி ஆடுவதைப் பார்த்திருக்கிறோம். ஒரு செல்லப் பெயருக்காக ஆடிய கட்சி இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

அந்த வழக்கில் நதார் கொடுத்த வாக்குமூலத்தை உபாத்தியாயர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும் என்பேன். படப்பிடிப்பின் தத்துவத்தை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். கைவேலையின் ஆரம்பப் பாடங்களை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். கற்பிக்க முடியாதது வெளிச்சத்தைப் பற்றிய உணர்வு என்கிறார் அவர். அதைக் காட்டிலும் கற்பிக்க முடியாதது இன்னொன்று உண்டாம். எதிரே இருக்கும் மனிதனின் உள்ளத்தைச் சட்டென்று உணர்ந்து, அவனோடு ஒன்றி, அவனுடைய பழக்கங்களையும் எண்ணங்களையும் சுபாவத்தையும் அறிந்துகொள்ளுகிற நுட்பம். அது இருந்தால்தான் அவனை அவனாகவே எழுதிக்காட்டலாம் என்பது அவர் வாதம்.

வகுப்பில் நாற்பது முகங்களுக்கு முன்னே தினமும் நிற்கிறவன் என்ற முறையில் இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பாடத்தின் தத்துவத்தை எங்களுக்கும் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள், ஓராண்டில் முடிந்துவிட்டது. நாற்பதில் எவன் பசியோடு வந்திருக்கிறான், எவன் விடை தெரிந்தும் வாய் திறக்க அஞ்சுகிறான் என்பதைப் பார்க்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆண்டு முடிவில் எடுக்கும் வகுப்புப் படங்களைப் புரட்டினால், கெட்டிக்காரப் பையன்கள் எல்லோரும் எனக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். கடைசி வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்கிறவர்களை அடையாளம் சொல்ல, பெயர்ப் பட்டியலை எடுக்கவேண்டியிருக்கிறது.

மறுபடியும் பாரிஸுக்குப் போவோம். 1860-ல் நதார் கப்யூஸீன் பெருவீதியில் 35-ம் எண் கட்டிடத்துக்குக் குடிபெயர்ந்தார். முகப்பு முழுவதும் சிவப்பு. அதன்மேல் இரவில் வாயு விளக்கில் ஒளிரும் அவருடைய கையெழுத்து. அந்த அலங்காரத்துக்கான செலவு அவரைக் கடைசிவரையில் துரத்தியது. தொழிலின் போக்கும் மாறிவிட்டது. திஸ்தெரி என்பவர் ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுச் சிறு படங்கள் எடுக்கும் முறைக்கு 1854-ல் உரிமை பெற்றிருந்தார். விசிட்டிங் கார்டு அளவில் மலிவாகக் கிடைத்த அந்தப் படங்களை ஊரெல்லாம் வாங்கிப் பரிமாறிக்கொண்டது. வயிற்றுப்பாட்டுக்காக நதாரும் அந்த வழிக்குப் போகவேண்டியதாயிற்று. கூடத்தில் வேலைக்காரர்கள் பெருகினர். முதலாளி அறிமுகம் செய்துகொண்டு நகர்ந்துவிடுவார். படத்தைச் சிப்பந்திகள் எடுப்பார்கள்.

மனிதரின் மனமோ வேறு எங்கோ இருந்தது. 1858-ல் பலூனில் ஏறி ஆகாயத்திலிருந்து முதல் போட்டோ எடுத்தவர் அவரே. 1861-ல் பாரிஸின் நிலத்தடி எலும்புக் குகைகளில் மின்சார விளக்கு ஏற்றிப் படம் எடுத்தார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிஷம் ஆயிற்று. அத்தனை நேரம் மனிதன் அசையாமல் நிற்பானா? தொழிலாளி வேஷம் போட்ட பொம்மையை நிறுத்தினார். 1863-ல் 'பூதம்' என்று பெயரிட்ட மகா பெரிய பலூன் ஒன்றைக் கட்டிப் பறந்தார். இரண்டாவது பயணத்தில் அது ஜெர்மனியில் தரையில் விழுந்து இழுபட, அவருடைய கால் முறிந்தது, மனைவியாருக்கும் பலமான அடி. ழூல் வெர்ன் தம் சந்திர யாத்திரைக் கதையில் படைத்த துணிச்சல்காரன் பெயர் 'ஆர்தான்'. பிரெஞ்சு எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'நதார்' வரும். இவற்றை எல்லாம் விரித்தால் இன்னும் மூன்று வாரம் ஆகும்.

கால் முறிந்த மறு ஆண்டை ஒட்டி, கப்யூஸீன் வீதிக் கூடத்துக்கு இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். மெலிந்த தேகம், அடர்ந்து சுருண்ட கேசம். நடிகை, ஆனால் வேலையைப் பறிகொடுத்த நடிகை. பிரெஞ்சு தேசத்தின் தலைசிறந்த நாடக சபையில் 1862-ல் அரங்கேறினாள்; அவளை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. மறு ஆண்டு ஜனவரியில், நாடக ஆசிரியர் மொலியேரின் பிறந்த நாள் விழாவன்று, அவளுடைய சின்னஞ்சிறு தங்கை ஒரு மூத்த நடிகையின் நீண்ட ஆடையைத் தெரியாமல் மிதித்துவிட்டாள். அந்த அம்மாள் குழந்தையைத் தள்ள, குழந்தை தூணில் மோதி நெற்றியில் இரத்தம் கசிந்தது. அக்காள் நேரே போய் மூத்த நடிகையின் கன்னத்தில் அறைந்தாள். மன்னிப்புக் கேள் என்றார்கள், மாட்டேன் என்றாள். சபையை விட்டு வெளியேறவேண்டியதாயிற்று. வேறொரு நாடகக் கொட்டகையிலும் நிலைக்கவில்லை. 1864-ன் இறுதியில், தகப்பன் பெயர் சொல்ல முடியாத ஓர் ஆண் குழந்தைக்குத் தாயானாள்.

அவள் பெயர் ஸாரா பெர்னார்.

இந்தப் பெயருக்கு முன்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மண்டியிட்டன. ஆனால் அவளை முன்னணிக்குக் கொண்டுவந்த நாடகம் 1869-ல்தான் வந்தது. நதார் படம் எடுத்தபோது அவள் யாருமில்லை. சிப்பந்தியிடம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். எட்டுச் சிறு படங்களில் ஒன்றாக எடுத்துக் கணக்கை முடித்திருக்கலாம். பழைய நதார் அன்று விழித்துக்கொண்டார். ராணி வேஷம், நாடகக் கிரீடம் ஒன்றையும் அவள்மேல் ஏற்றவில்லை. பெரிய துணி ஒன்றை அவளைச் சுற்றிப் போர்த்தி, தோள் சற்றே வெளிப்பட, பாதித் தூண் ஒன்றின்மேல் சாய்ந்திருக்கச் செய்து, பழையபடியே வெறும் பின்புறத்துக்கு முன்னால், பழையபடியே ஒரு பக்கத்து வெளிச்சத்தில் எடுத்தார். துணியின் மடிப்புகள் ஆறுபோல இறங்குகின்றன. முகம் அமைதியாக இருக்கிறது. பார்வை நம்மைத் தாண்டிப் போகிறது. அறைந்த கை அந்தத் துணிக்குள்ளே எங்கோ இருக்கிறது.

இவள் உலகப் புகழ் பெறுவாள் என்று நதாருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்பார்கள். தெரிந்திருக்க நியாயமில்லை. ஜோசியம் அவருடைய தொழிலும் அன்று. பிற்காலத்தில் ஸாரா அம்மையாரை எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் கிரீடமும் சங்கிலியும் புலித்தோலும் கண்ணைப் பறிக்கின்றன. நதாரின் மகன் பாலும் அவரை நாடக வேஷங்களில் அழகாகவே எடுத்திருக்கிறார். அவற்றில் நாம் காண்பது கீர்த்தி. 1864-ம் ஆண்டை ஒட்டிய இந்த இரண்டு மூன்று படங்களில்தான் ஒரு பெண்ணைக் காண்கிறோம்.

1870-ல் பிரஷ்யர் பாரிஸை முற்றுகையிட்டபோது இருவரும் நகருக்குள்ளேயே இருந்தார்கள். ஸாரா தம் நாடகக் கொட்டகையை ஆஸ்பத்திரியாக்கிக் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்தார். நதார் பலூன் படை அமைத்து, பகைவர் தலைக்குமேலே கடிதப் பைகளை அனுப்ப வழிசெய்தார். அமைச்சர் கம்பெத்தா அக்டோபர் 7-ந் தேதி பலூனில் ஏறி நகரைவிட்டு வெளியேறி, வெளிமாகாணங்களில் படை திரட்டப் போனார். இந்தப் பைத்தியத்தைப் பார்த்துப் பல ஆண்டுகள் சிரித்த பாரிஸ் நகரம், அந்தக் குளிர்காலத்தில் அதே பைத்தியத்தை நம்பித்தான் வெளியுலகத்தோடு பேசிற்று.

யுத்தம் முடிந்தபோது நதாரின் கை வெறுமையாயிற்று. கப்யூஸீன் கூடத்தை விட்டு விலக நேர்ந்தது. ஆனாலும் அந்த இடம் 1874-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஒருமுறை திறந்தது. அரசாங்கக் கண்காட்சியின் பெரியவர்களை நம்பாத சுமார் முப்பது சித்திரக்காரர்கள் சொந்தமாக ஒரு கண்காட்சி நடத்த அதைத் தந்தார். மோனே, ரெனுவார், தெகா, பிஸாரோ, செஸான், ஸிஸ்லே, பெர்த் மொரிஸோ. இன்று இவர்களுடைய ஒரு சித்திரத்தின் விலைக்கு ஒரு ஜமீனை வாங்கலாம். அன்று வந்தவர்களில் பலர் சிரித்துவிட்டுப் போனார்கள். மோனேயின் சூரியோதயப் படத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு பத்திரிகைக்காரர் கேலியாகச் சூட்டிய 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பட்டமே அவர்களுக்கு நிலைத்தது. அந்தக் கேலி வெளிவந்த பத்திரிகை, நதார் ஒரு காலத்தில் கேலிச்சித்திரம் போட்டுப் பிழைத்த 'ஷாரிவாரி'யே.

புகழ் பெற்றவர்களின் பட்டியலை மட்டும் சொல்லி நிறுத்தினால் நதாருக்கு நியாயம் செய்தவனாகமாட்டேன். ஸாந்-லஸார் வீதி நாட்களில் அவர் எடுத்த படங்களுள் ஒரு கறுப்பினப் பெண்ணின் படங்கள் இருக்கின்றன. கரீபியக் கடலின் ஆண்டில்ஸ் தீவுகளைச் சேர்ந்தவர்; 'ஆண்டில்ஸ் மரியா' என்ற பெயரோடு மட்டும் நிற்கிறார். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது 1848-ல். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் எடுத்தவை அப்படங்கள். போத்லேருக்கு விழுந்த அதே வெளிச்சம் அவர்மேலும் விழுகிறது. ஸாராவுக்கு அமைந்த அதே அமைதி அந்த முகத்திலும் இருக்கிறது. கீழே எழுதியிருக்கும் பெயர்களை மறைத்துவிட்டு மூன்று படங்களையும் அடுத்தடுத்து வைத்தால், இவர்களில் புகழ் பெறாதவர் யார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. என் மாணவர்களிடம் ஒருமுறை அவ்வாறே வைத்துக் காட்டினேன். பெரும்பாலோர் மரியாவைத்தான் மகாராணி என்றார்கள்.

நதாரின் மனைவி எர்னெஸ்தீன் அம்மையாருக்கு 1887-ல் பாரிஸ் நாடகசாலை ஒன்றில் நேர்ந்த பெருந்தீயின் அதிர்ச்சிக்குப் பின் பக்கவாதம் கண்டது. கிளிஷிச் சிறையின் நிழல் விலகாத நாட்களில் கைப்பிடித்து, பலூனிலும் கூடவே ஏறி அடிபட்டு, ஐம்பது ஆண்டுகளுக்குமேல் அந்த மனிதரோடு குடித்தனம் செய்தவர் அவர். முதுமையில் எடுத்த படம் ஒன்றில், வெண்பஞ்சு போன்ற தலைமயிரோடு, ஒரு சிறு பூங்கொத்தை உதட்டருகே வைத்துக்கொண்டு இருக்கிறார். எடுத்தது கணவரா, மகன் பாலா என்பதில் அறிஞர்களுக்குள் பட்சபேதம் உண்டு. 1909-ல் அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம், தொண்ணூறு வயது நிறையச் சில நாட்களே இருக்கையில், நதாரும் காலமானார்.